வேப்பமர மேசை: ஏசி அறைக்குப் போனதும் மேல்பலகை குழி விழுந்திருக்கு, பிரிக்காமல் சரிசெய்ய வழி உண்டா?

வடக்குத்திண்ணை:

வணக்கம். ஊரில் காற்றுக்கு விழுந்த வேப்பமரத்தை அறுவை மில்லில் பலகையாக அறுத்து வாங்கி, எழுதுமேசை ஒன்று செஞ்சுக்கிட்டிருக்கேன். மெஷின் எதுவும் இல்லை. ரம்பம், இழைப்புளி, உளி, கொட்டாப்புளி, மூலமட்டம், அவ்வளவுதான்.

அளவு: நாலரை அடி நீளம், ரெண்டடி அகலம், முப்பது அங்குல உயரம். மேல்பலகை ஒரு அங்குலக் கனம். எட்டு அங்குலப் பலகை மூணை விளிம்பு இழைச்சு, பசை போட்டு ஒட்டினது. காலுக்கும் சுத்துச் சட்டத்துக்கும் துளையடிச்சு, கூர் வெட்டி இறக்கி, மூங்கில் ஆணி அடிச்சிருக்கேன். அந்தப் பக்கம் ஒரு குறையும் இல்லை. மேல்பலகையை மட்டும் சட்டத்துக்கு அடியிலிருந்து எட்டு ஸ்க்ரூ போட்டு இறுக்கியிருக்கு.

வெளித் தாழ்வாரத்தில் வேலை நடந்தவரை பலகை மட்டமாகத்தான் இருந்தது. மழைக்குப் பயந்து உள்ளே ஏசி அறைக்கு மாத்தினேன். இப்போ அகலவாட்டில் நேரான கட்டை வெச்சுப் பார்த்தா நடுவில் ஒன்றரை நூல் குழி (எட்டு நூல் ஒரு அங்குலம்), முன்விளிம்பும் பின்விளிம்பும் தூக்கி நிக்குது. ஒட்டின இடம் எதுவும் விடலை.

இன்னொரு தலைவலி: மூணாவது பலகை இழைக்கவே விடமாட்டேங்குது. இந்தப் பக்கமிருந்து தள்ளினாலும் பிய்யுது, திருப்பித் தள்ளினாலும் வேற இடத்தில் பிய்யுது. அதனால மேல்பக்கம் இன்னும் பூச்சு போடலை. குழியை இழைச்சே மட்டமாக்கிடலாமா?

சீவல்:

குழி விழுந்த பக்கத்தில் ஈரத்துணி விரிச்சுப் போட்டு, அடிப்பக்கத்துக்கு வெயில் காட்டுங்க. சாயங்காலத்துக்குள்ள மட்டம் வந்துடும். எங்க வீட்டுக் கதவுக்கு ஆசாரி இதைத்தான் செஞ்சார்.

கொட்டாப்புளி:

வேம்பில் ரெண்டடி அகலம் போட்டா இப்படித்தான் ஆகும். பேசாம மேல ப்ளைவுட் போட்டு ஓரத்துக்கு வேம்புச் சட்டம் ஒட்டிட்டுப் போங்க.

நூல்மட்டம்:

ப்ளைவுட்டுக்கு இப்போ அவசரம் இல்லை. தம்பி, மூணு விஷயம் சொல்லுங்க. அடிப்பக்கம் ஏதாவது பூசியிருக்கா? பலகையின் வெட்டுமுனையைப் பார்த்தா வளையம் எந்தப் பக்கம் வளைஞ்சிருக்கு, பட்டைப் பக்கம் மேலயா, வைரப் பக்கம் மேலயா? ஸ்க்ரூ ஓட்டை சட்டத்தில் ஸ்க்ரூ அளவுக்குச் சரியா இருக்கா, இல்லை தளர்வா இருக்கா?

எல்லாத்துக்கும் முன்னாடி ஒண்ணு: இழைப்புளியைக் கீழ வைங்க. இப்போ மட்டமாக்க ரெண்டு விளிம்பிலும் ஒன்றரை நூல் எடுக்கணும். ஐப்பசியில ஜன்னலைத் திறந்து வெச்சா பலகை ஈரம் குடிச்சுப் பழைய நிலைக்குத் திரும்பும். அப்போ நடு மேடு, ஓரம் மெலிசுன்னு நிக்கும். எடுத்த மரத்தைத் திருப்பி ஒட்ட முடியாது.

வடக்குத்திண்ணை:

அண்ணே, அடிப்பக்கம் ரெண்டு கோட்டிங் வார்னிஷ் அடிச்சாச்சு. மேல்பக்கம் ஒண்ணும் பூசாத வெறும் மரம்தான். மூணு பலகையிலும் பட்டைப் பக்கம் மேல. ஸ்க்ரூ ஓட்டை எட்டும் டைட்.

நூல்மட்டம்:

அப்போ விஷயம் வெளிச்சம். உங்க ரெண்டு தலைவலியும் வேற வேற, முதல்ல குழியைப் பார்ப்போம்.

மரம் காத்துக்குத் தகுந்த மாதிரி ஈரத்தை வாங்கும், விடும். காத்தில் ஈரப்பதம் 80 சதவீதம் இருந்தா மரத்துக்குள்ள சுமார் 16 சதவீத ஈரத்தில் போய் நிக்கும். ஏசி ஓடி 50 சதவீதத்துக்கு வந்தா மரம் சுமார் 9-க்கு இறங்கும். உங்க பலகை அந்த ஈரத்தை எந்த வழியா விட்டிருக்கும்? அடியில வார்னிஷ், மேல ஒண்ணும் இல்லை. மேல்பக்கம் மட்டும் வேகமா உலர்ந்து சுருங்குது. வெயில்ல போட்ட அப்பளம் மாதிரி சுருங்கின பக்கம் உள்வாங்குது. அது போதாதுன்னு பட்டைப் பக்கம் வேற மேல. வட்டப்போக்கில், அதாவது வளையம் பலகையின் அகலவாட்டில் படுத்திருக்கிற மாதிரி அறுத்த பலகை உலரும்போது வளையம் நிமிரப் பார்க்கும், அதனால குழி எப்பவும் பட்டைப் பக்கம்தான் விழும். ரெண்டு காரணமும் ஒரே திசையில இழுக்குது.

எவ்வளவு அசையும்னு கணக்கு வேணும்னா தேக்கை எடுத்துக்கங்க. பச்சையிலிருந்து முழுக்கக் காயும்போது தேக்கு வளையத்தின் போக்கில் 5.8 சதவீதம் சுருங்கும், வளையத்துக்குக் குறுக்கே 2.5 சதவீதம்தான். நீளவாட்டில் கணக்கிலேயே வராது. வட்டப்போக்கில் அறுத்த ரெண்டடி அகலத் தேக்கு 16-லிருந்து 9-க்கு இறங்கினா ரெண்டரை நூல் குறையும். அசையாத மரம்னு பேர் வாங்கின தேக்குக்கே இந்தக் கதி. வேம்பு அதைவிடக் கூடுதலா அசையும். அந்தப் பலகையை எட்டு ஸ்க்ரூ போட்டுக் கட்டிப்போட்டா வளையும், இல்லேன்னா வெடிக்கும். உங்களுக்கு வளைஞ்சதோட நின்னது நல்ல நேரம்.

சீவல் சொன்ன ஈரத்துணி வேலை செய்யும், பொய் இல்லை. ஆனா ஈரம் காய்ஞ்சதும் மறுபடி குழிதான். கதவுக்கு அது நின்னிருக்கும், ஏன்னா கதவுக்கு ரெண்டு பக்கமும் ஒரே காத்து.

கொட்டாப்புளி:

பழைய வீட்டுப் பெட்டகம், ஊஞ்சப் பலகையெல்லாம் ஆணி அடிச்சே நூறு வருஷம் நிக்குதே? அப்போ யார் இந்தக் கணக்கெல்லாம் போட்டாங்க?

நூல்மட்டம்:

ஊஞ்சப் பலகையைச் சட்டத்தோட யாரும் கட்டிப்போடலை, நாலு மூலையிலும் சங்கிலிதான். பெட்டகத்தைத் திறந்து உள்ள பாருங்க, பலகை காடிக்குள்ள (சட்டத்தில் வெட்டின பள்ளம்) பசை இல்லாம நிக்கும், இல்லேன்னா குறுகின பலகையா இருக்கும். ஏட்டில் எழுதலையே தவிர கணக்குப் போட்டிருக்காங்க. அந்த வீடுகளில் ஏசியும் இல்லை.

வடக்குத்திண்ணை:

சரி, என்ன செய்யணும்? பிரிச்சுத்தான் ஆகணுமா?

நூல்மட்டம்:

சட்டத்தைப் பிரிக்க வேண்டாம். எட்டு ஸ்க்ரூவையும் கழட்டி மேல்பலகையை மட்டும் எடுங்க. அதே ஏசி அறையில் விளிம்பில் நிமிர்த்தி வைங்க, ரெண்டு பக்கமும் காத்துப் படணும். அடிப்பக்க வார்னிஷைச் சுரண்டி எடுத்துடுங்க. மீந்த துண்டு ஒண்ணைச் சமையலறைத் தராசில் நிறுத்து எழுதி, பக்கத்திலேயே வைங்க. எடை இறங்குறது நின்னாத்தான் மரம் அறைக்குப் பழகியிருக்குன்னு அர்த்தம். அதுவரை சட்டத்தில் மாட்டாதீங்க. கல்லு, அம்மி எதுவும் ஏத்தவும் வேண்டாம்.

மாட்டும்போது ஸ்க்ரூவை நேரா போடாதீங்க. படிவெட்டுக் கட்டை செய்ங்க: ரெண்டு அங்குல நீளம், முனையில் ஒரு நாக்கு. சட்டத்தின் உள்முகத்தில் மேல்விளிம்புக்கு நாலு நூல் கீழே உளியால சின்னக் குழி பறிச்சு நாக்கை அதுக்குள்ள விட்டு, கட்டையை மேல்பலகையோட ஸ்க்ரூ பண்ணுங்க. கட்டையில் படியின் ஆழம் நாலு நூலுக்கு ஒரு மயிரிழை குறைவா இருக்கட்டும், அப்பத்தான் இறுக்கும்போது பலகையைக் கீழ இழுக்கும். மர ரேகை, அதாவது நார் ஓடுற திசை, நாக்கின் நீளவாட்டில் இருக்கணும். குறுக்கே ஓடினா முதல் இறுக்கலிலேயே நாக்கு முறியும்.

முன், பின் நீளச் சட்டத்தில் கட்டைக்கும் சட்டத்துக்கும் நடுவில் ரெண்டு நூல் இடம் விடுங்க. பக்கச் சட்டங்களில் நடு மையத்தில் மட்டும் ஒரு ஸ்க்ரூ டைட்டா இருக்கலாம். அப்போ பலகை ரெண்டு பக்கமும் சமமா அசையும்.

சிலபேர் பட்டை மேல, வைரம் மேலன்னு மாத்தி மாத்தி ஒட்டச் சொல்வாங்க. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஒரே பெரிய வளைவுன்னா சட்டம் பிடிச்சு இறக்கிடும். அலை அலையா வந்தா எங்கே பிடிப்பீங்க? நீங்க ஒட்டினது அப்படியே இருக்கட்டும்.

மரத்தூள்:

பிய்யுற பலகைக்கு நான் சொல்றேன், நூல்மட்டம் அண்ணன் கை வலிச்சிருக்கும். வேம்பில் ரேகை ஒரு அடுக்கு இப்படி, அடுத்த அடுக்கு அப்படின்னு பின்னிக் கிடக்கும். அதனாலதான் எந்தப் பக்கம் தள்ளினாலும் பாதி இடம் எதிர்ரேகையா வருது. உங்க இழைப்புளி மரமா, இரும்பா?

வடக்குத்திண்ணை:

மரம்தான். ஒத்தைத் தகடு.

மரத்தூள்:

தகட்டை முதல்ல தீட்டுங்க. தீட்டியாச்சுன்னு சொல்வீங்க, இன்னொரு தடவை தீட்டுங்க. வேப்பமரத்தின் வெட்டுமுனையைச் சீவிப் பாருங்க, பளபளன்னு வந்தாத்தான் கூர். தூள் உதிர்ந்தா இல்லை.

பிறகு தகட்டின் தட்டைப் பக்கம், நுனியில் மட்டும், 10 முதல் 15 டிகிரி சரிவா ரெண்டு இழுப்பு சாணைக்கல்லில் கொடுங்க. சாதாரணமா தகடு 45 டிகிரியில் படுத்திருக்கும். இந்தச் சரிவு சேர்ந்தா வெட்டும் கோணம் 55, 60-க்கு ஏறும். தள்ள கனமா இருக்கும், ஆனா நாரைத் தூக்கிப் பிய்க்காது. சீவல் ஊதினா பறக்குற மெலிசில் வரணும். சாதாரண வேலைக்குச் சரிவு இல்லாத தகடும் வேணும்னா ரெண்டாவது தகடு வாங்கி வெச்சுக்கங்க, விலை அதிகம் இல்லை.

அப்பவும் அடம்பிடிக்கிற இடத்தை ஸ்கிரேப்பரால சுரண்டுங்க. உடைஞ்ச ரம்பத் துண்டு போதும். நம்ம ஆசாரிகள் கண்ணாடித் துண்டாலேயே சுரண்டுவாங்க, நல்லா வரும், விரல் ஜாக்கிரதை. உப்புத்தாள் கடைசியில்தான்.

வடக்குத்திண்ணை:

ஸ்க்ரூ கழட்டும்போது ஆறாவதுல 'டக்'னு சத்தம் வந்து பலகை மேல எழும்புச்சு! நிமிர்த்தி வெச்சதில் குழி அரை நூலுக்கு வந்திருக்கு, துண்டின் எடை ஒரு வாரமா மாறலை. தகட்டுக்குச் சரிவு கொடுத்ததும் மூணாவது பலகை மசிஞ்சிருச்சு. ஒரு கை அகல இடம் மட்டும் சுரண்ட வேண்டியிருந்தது. இப்போ மீதி அரை நூலை இழைச்சிடலாமா? பூச்சுக்கு ஆளிவிதை எண்ணெய் வெச்சிருக்கேன்.

நூல்மட்டம்:

எடை நின்னாச்சுன்னா இழைக்கலாம். குறுக்குவாட்டில் ஆரம்பிச்சு, கடைசியில் நீளவாட்டில் முடிங்க. எண்ணெய் மேலயும் கீழயும் ஒரே எண்ணிக்கை. முனைவெட்டுக்கு ஒரு தடவை கூடுதலா, அங்கதான் ஈரம் வேகமாப் போகும். எண்ணெய் துடைச்ச துணியைச் சுருட்டிப் போடாதீங்க, தானாத் தீப்பிடிக்கும். விரிச்சுக் காயவெச்சு அப்புறம் தூக்கிப் போடுங்க.

கொட்டாப்புளி:

அந்தப் படிவெட்டுக் கட்டை எத்தனை போடணும், எட்டா? என் கிட்டேயும் ஒரு பலா மேசை இப்படித்தான் நிக்குது.

நூல்மட்டம்:

இந்த அளவுக்கு எட்டு போதும். பலாவுக்குத் தனியா கேளுங்க, முதல்ல அடிப்பக்கம் பூசியிருக்கான்னு பார்த்துட்டு வாங்க.