நியூரோ வார்டுக்கு வர்ற நம்ம கோயமுத்தூர், ஈரோடு பக்கத்து நர்ஸுங்களுக்கு

இங்கிலாந்துல நியூரோ வார்டுல எஜுகேட்டரா (வார்டுலயே நர்ஸுங்களுக்குச் சொல்லிக் குடுக்கற வேலை) இருக்கறனுங்க, சொந்த ஊரு கோபி பக்கம், படிச்சது கோயமுத்தூர்ல. இப்ப நம்ம பக்கமிருந்து நெம்ப பேரு ஸ்ட்ரோக், நியூரோன்னு போஸ்டிங் வாங்கிட்டு வர்றீங்க, வந்ததும் கேக்கறது ரூம் வாடகை, ஓஸ்கி பரீட்சை (இங்க நர்ஸா பதிவாகறதுக்கு செஞ்சு காட்டற பரீட்சை), பேண்ட் 5 (புதுசா சேர்ற நர்ஸோட சம்பளப் படி) சம்பளத்துல கைல என்ன நிக்கும்ங்கறது தான். அதைச் சொல்ல ஆளு நெறைய இருக்காங்க, நான் வார்டுக்குள்ள போனப்பறம் உள்ளதைச் சொல்றேன்.

ஊர்ல பக்கவாதம்னு ஒருத்தர் அட்மிட் ஆனா சம்சாரமோ மகளோ தூக்குப்போசியோட பெட்டுக்குப் பக்கத்துலயே உக்காந்திருப்பாங்க. "சிஸ்டர், நேத்து பேரு சொல்லிக் கூப்பிட்டாருங்க, இன்னைக்கு சும்மா முழிக்கறாருங்க"ன்னு அவங்க வந்து சொல்லித்தான் பாதி நேரம் நமக்கே தெரியும். இங்க அப்படி அட்டெண்டர் ராப்பகலா இருக்க மாட்டாங்க, ஒறம்பரை விசிட்டிங் டைம்ல வந்துட்டு போயிருவாங்க. நேத்துக்கும் இன்னைக்கும் உள்ள வித்தியாசம் உங்க கண்ணுல தான் மொதல்ல படோணும். நம்ம புள்ளைக ஊசி, டிரிப், கத்தீட்டர்ல எல்லாம் கெட்டி, இதுல தான் தடுமாறுதுக.

அதனால அட்மிஷன் அன்னைக்கே ஊட்டுக்கு போன் போட்டுருங்க. முந்தி எப்படிப் பேசுவாரு, எந்தக் கைல சாப்பிடுவாரு, மறதி ஏற்கெனவே இருந்துச்சா, குச்சி வெச்சு நடந்தாரான்னு கேட்டு எழுதி வெச்சுக்கோங்க. இது இல்லாம நீங்க போடற எந்த ஸ்கோருக்கும் அர்த்தம் இல்லீங்க.

ஜிசிஎஸ், அதாவது பேசண்ட்டுக்கு நெனவு எவ்வளவு தெளிவா இருக்குன்னு மார்க்கு போடற கணக்கு, 1974ல கிளாஸ்கோவுல டீஸ்டேலும் ஜென்னட்டும் கொண்டு வந்தது, நாம எல்லாரும் ஃபர்ஸ்ட் இயர்லயே மனப்பாடம் பண்ணுனது தான். ஆனா ஹேண்டோவர்ல "பேசண்ட் கொஞ்சம் டல்லுங்க"ன்னு சொன்னா இங்க யாரும் எந்திரிச்சு வரமாட்டாங்க, மொத்தம் 14னு சொன்னாலும் பத்தாது, கண்ணு, பேச்சு, கை கால் மூணையும் தனித்தனியா சொல்லோணும். ஷிப்ட் மாறும்போது போறவங்களும் வர்றவங்களும் பெட்டுக்கிட்ட நின்னு ஒண்ணா செக் பண்ணுங்க, அப்பத்தான் நீங்க போடற 4ம் அவங்க போடற 4ம் ஒண்ணா இருக்கும், நான் புதுசா வர்றவங்களுக்கு மொதல்ல பழக்கறதே இதைத்தான். தலைல அடிபட்டவங்களுக்கு ஒரே ஒரு பாயிண்ட் குறைஞ்சு அரைமணி நேரம் அப்படியே இருந்தாலும் டாக்டரைக் கூப்பிடோணும். நியூஸ் 2 சார்ட்டுல (நாடி, பிரஷர், மூச்செல்லாம் பாத்து மார்க்கு போடற தாள், இதுல மார்க்கு ஏறுனா தான் மோசம்) புதுசா குழப்பம் வந்தா அதுக்கு மட்டுமே 3 மார்க்கு, அது ஒண்ணே அவசரமா பாக்கச் சொல்லப் போதும். ராத்திரி ரெண்டு மணிக்கு எழுப்புனா திட்டுவாங்களோன்னு வெசனப்படாதீங்க, கூப்பிடறது உங்க வேலை.

யாழ்ப்பாணத்துப் பெரியவங்க, குஜராத்திப் பாட்டிக எல்லாம் வருவாங்க, இங்கிலீஷ்ல பதில் வரலைன்னு பேச்சு மார்க்கைக் குறைச்சுப் போடாதீங்க, இன்டர்ப்ரெட்டரைக் கேளுங்க.

சாப்பாட்டு விசயம் நெம்ப முக்கியம். "பாவம், காலைல இருந்து பச்சத்தண்ணி கூட குடிக்கல"ன்னு நம்ம மனசு எளகும். ஸ்ட்ரோக் பேசண்ட்டுக்கு விழுங்கற டெஸ்ட் பண்ணாம ஒரு மடக்கு கூட வாய்ல ஊத்தப்படாது, பொரை ஏறி நெஞ்சுக்குள்ள போனா நிமோனியா. ஆனா காக்க வெக்கவும் கூடாது, வந்து 4 மணி நேரத்துக்குள்ள டெஸ்ட் முடிஞ்சிருக்கோணும், நீங்க தான் தொரத்தோணும். அதே மாதிரி பார்க்கின்சன் மாத்திரைக்கு வார்டு ரவுண்டு டைம் செல்லாது, அவரு ஊட்ல எத்தனை மணிக்குப் போட்டாரோ அதுல 30 நிமிசத்துக்கு மேல தள்ளக் கூடாது. தள்ளுனா ஒடம்பு மரக்கட்டையாட்டம் எறுகிப் போயிரும், படுக்கைல திரும்பக்கூட முடியாது.

எஜுகேட்டர் ஆகோணும்னு கேக்கறவங்களுக்கு. ஊர்ல அப்படின்னா காலேஜ் ட்யூட்டர் ஞாபகம் வரும், இங்க பாதி வேலை பெட் பக்கத்துலயே தானுங்க, புதுசா வந்தவங்க கூட நின்னு ஓபிஎஸ் (நாடி, பிரஷர், காய்ச்சல் எல்லாம்) பாக்கறது, ஸ்ட்ரோக் எவ்வளவு கடுமைன்னு அளக்கற என்ஐஎச்எஸ்எஸ் மார்க்கை 0ல இருந்து 42 வரைக்கும் போடப் பழக்கறது, அழுதா கூட உக்காந்திருக்கறது. பெரும்பாலும் பேண்ட் 6 இல்லீன்னா 7. மொதல்ல ஸ்டூடண்ட்ஸுக்கு ப்ராக்டிஸ் சூப்பர்வைசரா (வார்டுல கூட நின்னு பழக்கறவங்க) பேரு குடுங்க, ஓஸ்கிக்குப் படிக்கற புள்ளைகளுக்கு லீவு நாள்ல சொல்லிக் குடுங்க, சொல்லிக் குடுத்ததை தேதியோட எழுதி வெய்ங்க. 3 வருசத்துக்கு ஒருக்கா என்எம்சிக்கு (இங்க நர்ஸுங்களைப் பதிவு பண்ற கவுன்சில்) 35 மணி நேரப் படிப்புக் காட்டோணும், அதுல 20 மணி நேரம் மத்தவங்களோட சேர்ந்து படிச்சதா இருக்கோணும், அந்த சர்டிபிகேட் எல்லாம் ஒரே ஃபைல்ல போட்டு வெச்சிருந்தா எஜுகேட்டர் இன்டர்வியூக்கும் அதையே தூக்கிட்டுப் போயிரலாம்.