மறு: ‘ஈரப்பதநீக்கி’ சரியான சொல்தானா?

நண்பர்களுக்கு வணக்கம். காற்றிலிருந்து நீரைப் பிரித்தெடுக்கும் கருவிக்கு (டீஹியூமிடிஃபையர்) தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்ற பேச்சுக்கு இது என் பதில்.

> ‘ஈரப்பதநீக்கி’ என்றே வைத்துக்கொள்ளலாமே. பார்த்தவுடன் பொருள் விளங்குகிறது.

விளங்குகிறது. ஆனால் தவறாக விளங்குகிறது என்பதுதான் என் வருத்தம். இந்தக் கருவியோடு ஒரு குளிர்காலத்தைக் கழித்தவன் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நான் இருப்பது இங்கிலாந்தின் வடக்கே. போன ஆண்டு பழைய கேரவன் ஒன்று வாங்கினேன். தமிழ்நாட்டில் கேரவன் என்றால் படப்பிடிப்பில் நடிகர்கள் ஓய்வெடுக்கும் வண்டிதான் நினைவுக்கு வரும். இது காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப்போகிற சிறு வீடு. நவம்பரில் ஒருநாள் கதவைத் திறந்தால் குப்பென்று பூஞ்சண வாடை. முன்பக்க மூலையில் சுவரைத் தொட்டால் மெத்தென்று அமுங்கியது. பழுது பார்ப்பவர் மீட்டரை வைத்து, சுவர் மரத்தில் ஈரம் 28 சதவீதம் என்றார். 15 வரை இருந்தால் கவலையில்லை, 20-ஐத் தாண்டினால் எங்கோ ஒழுகுகிறது என்று அவர்கள் கணக்கு வைத்திருக்கிறார்கள். இந்த வண்டிகளின் சுவரில் வெளியே அலுமினியத் தகடு, உள்ளே மெல்லிய ப்ளைவுட், நடுவில் மரச்சட்டமும் தெர்மாகோலும் இருக்கும். தகடுகள் சேரும் இடத்தில் வைத்த பசை காய்ந்து வெடித்தால் மழைநீர் நேராக மரத்துக்குள் இறங்கிவிடும். உள்ளே இருப்பவருக்கு மாதக்கணக்கில் தெரியாது.

ஒழுகலை முதலில் அடைத்தோம். அப்புறம்தான் கருவி. மெத்தைகளை நிமிர்த்தி, அலமாரிக் கதவுகளைத் திறந்து, ஜன்னல்களை மூடி, மூன்று வாரம் ஓடவிட்டேன். தரையிலும் கூரையிலும் உள்ள காற்றுத் துளைகளை மட்டும் அடைக்கவில்லை, அடைக்கவும் கூடாது. சமையல் வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரைத் துளை வழியாகத்தான் வெளியேற வேண்டும்.

சரி, சொல்லுக்கு வருகிறேன். ஈரப்பதம் என்பது நாம் தினமும் வானிலைச் செய்தியில் கேட்கிற அந்தச் சதவீதம். இலங்கைப் பாடநூல்களில் சாரீரப்பதன். அது நீர் அல்ல, காற்று அந்த வெப்பநிலையில் தாங்கக்கூடிய நீராவியில் எத்தனை பங்கு இப்போது இருக்கிறது என்ற அளவு. 5 டிகிரியில் ஒரு கனமீட்டர் காற்று சுமார் 6.8 கிராம் நீராவியைத்தான் தாங்கும், 20 டிகிரியில் 17.3 கிராம் தாங்கும். 5 டிகிரியில் 90 சதவீத ஈரப்பதத்தோடு இருக்கும் காற்றை ஹீட்டர் போட்டு 20 டிகிரிக்குக் கொண்டுவந்தால் ஈரப்பதம் 35 சதவீதத்துக்கு விழுந்துவிடும். ஒரு சொட்டு நீர்கூட வெளியே போகவில்லை! இரவில் ஹீட்டரை அணைத்ததும் அதே நீராவி கண்ணாடியில் வேர்த்து வழியும். ஈரப்பதத்தைக் குறைப்பதெல்லாம் ஈரப்பதநீக்கி என்றால் ஹீட்டரும் ஈரப்பதநீக்கிதான். நானே முதல் இரண்டு வாரம் ஹீட்டரை மட்டும் போட்டுவிட்டு, வண்டி காய்ந்துகொண்டிருக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

இன்னொரு கணக்கும் உண்டு. என் வண்டியின் உள்ளளவு ஏறக்குறைய 25 கனமீட்டர். 10 டிகிரியில் 85 சதவீதம் என்றால் உள்ளே உள்ள காற்று முழுவதையும் பிழிந்தாலும் 200 மில்லி, ஒரு டம்ளர் தண்ணீர்தான் வரும். ஆனால் முதல் இரண்டு நாளில் 2 லிட்டர் தொட்டி மூன்று முறை நிறைந்தது. துளைகள் வழியே புகுந்த வெளிக்காற்றின் பங்கு அதில் உண்டு. மற்றது மெத்தையும் கம்பளமும் மரமும் விட்டுக்கொடுத்த நீர். காற்று உலர உலர, அவை தம் ஈரத்தைக் காற்றுக்குக் கொடுக்கின்றன. கருவி அதை வாங்கித் தொட்டியில் இறக்குகிறது. என் மனைவி முதல் நாளே இதற்கு ‘ஈரம் இழுக்கிற மெஷின்’ என்று பெயர் வைத்துவிட்டார். அதைத்தான் நான் முன்வைக்கிறேன்: ஈரமிழுப்பான். தெளிப்பான், அழிப்பான், தீயணைப்பான் வரிசையில் இயல்பாக உட்காரும்.

> ‘ஈரவாங்கி’ இன்னும் சின்னது, அழகும்கூட.

அழகுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ‘மரம் ஈரம் வாங்கிவிட்டது’ என்கிறோம். உப்புச் சாடியில் போடும் அரிசி ஈரம் வாங்கித் தன்னிடமே வைத்துக்கொள்கிறது. செருப்புப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலமும் அப்படித்தான். ஆகவே ஈரவாங்கியை அந்தப் பொருள்களுக்கு வைத்துக்கொள்வோம். இதில் ஒரு வசதியும் இருக்கிறது. கருவிகள் இரண்டு வகை. கம்ப்ரஸர் வைத்தது காற்றைக் குளிர்ந்த குழாய்ச் சுருள்மேல் ஓடவிட்டு நீரைச் சொட்டவைக்கும். சூடில்லாத கேரவனில், குளிர்காலத்தில் அந்தச் சுருளிலேயே பனி படிந்து வேலை மந்தமாகிவிடும். இன்னொன்றில் ஜியோலைட் என்ற கனிமம் பூசிய சக்கரம் ஈரத்தை வாங்கும், உள்ளே இருக்கும் சிறு ஹீட்டர் அதைச் சூடாக்கி மறுபடி பறித்தெடுக்கும். நான் வாங்கியது இதுதான். அதன் உள்ளே இருப்பது ஈரவாங்கிச் சக்கரம், முழுக் கருவி ஈரமிழுப்பான். இரண்டு சொல்லும் வேண்டியிருக்கிறது, இரண்டுக்கும் தனித்தனி வேலை.

கடைசியாக, சுவரில் ஏறும் ஈரத்துக்கு ‘ஈரப்பதம்’ என்று எழுதுவதை விட்டுவிடுவோம். நம்மிடம் ஓதம் இருக்கிறது. ‘தரையில் ஓதம் ஏறுது’ என்று கொத்தனார்கள் இன்றும் சொல்கிறார்கள். அகராதியில் இதற்குக் கடல், அலை, விரைவீக்கம் என்றெல்லாம் பொருள் உண்டுதான். சுவரைப் பற்றிப் பேசும்போது யாரும் குழம்பமாட்டார்கள். குழப்பம் வருவது மற்ற இடத்தில். பழுது பார்ப்பவர் சொன்ன 28 சதவீதம் மரத்தின் ஓதம், அது மோசம். கருவியின் முகப்பில் தெரிந்த 60 சதவீதம் காற்றின் ஈரப்பதம், அது பரவாயில்லை. இரண்டையும் ஒரே சொல்லால் எழுதினால் படிப்பவர் 28-ஐப் பார்த்து நிம்மதியாகிவிடுவார். காற்றை அளப்பது ஈரப்பதமானி, சுவரை அளப்பது ஓதமானி என்று பிரித்துவிடலாமா?

மூன்று வாரத்துக்குப் பின் என் மூலையின் ஓதம் 19-க்கு இறங்கியது. ப்ளைவுட் உளுத்த இடத்தை வெட்டி மாற்ற வேண்டியிருந்தது. அதைக் கருவியால் காப்பாற்ற முடியவில்லை.

காற்று குளிரும்போது நீர் சொட்டத் தொடங்கும் வெப்பநிலைக்குப் ‘பனிநிலை’ என்றும் ‘பனிபடுநிலை’ என்றும் இரண்டு சொல் புழங்குகின்றன. எனக்கு இரண்டாவதுதான் பிடித்திருக்கிறது. இலங்கை நண்பர்கள் சொல்லுங்கள்.