பழைய லேப்டாப்பை எழுப்பறதா, விடறதா? உங்க ரிப்பேர் பெஞ்சுக்கு வந்ததைச் சொல்லுங்க

பல்லடம் பெஞ்ச்

பனியன் கம்பெனி ஆபீஸ்ல ஓடின மெஷினுங்க. இன்டெல் மூணாவது தலைமுறை ஐ5 ப்ராசஸர், 4 ஜிபி ரேம். ஆன் பண்ணிக் கொஞ்ச நேரத்துல தானா அணைஞ்சுரும். "போர்டு போச்சு, தூக்கிப் போடுங்க"ன்னு ஏற்கெனவே ஒரு இடத்துல சொல்லி அனுப்பிட்டாங்க. அடிமூடியைக் கழட்டி ஃபேனைத் தூக்கினா, ஃபேனுக்கும், ப்ராசஸர் சூட்டை வெளிய விடற ஹீட்சிங்க் தகட்டுக்கும் நடுவுல பஞ்சு கம்பளித் துண்டாட்ட அப்பிக் கிடக்குது. சாமணத்துல புடிச்சு இழுத்தா ஒரே துண்டா கையோட வருதுங்க. காத்து போக வழியே இல்லை. நூறு டிகிரியைத் தாண்டினா ப்ராசஸர் தன்னைக் காப்பாத்திக்க அணைஞ்சுக்கும், அவ்வளவுதான் நடந்திருக்குது. போர்டுக்கு ஒண்ணுமே இல்லை.

வெளியில இருந்து புளோயர் அடிச்சே இதைச் சரி பண்ணப் பார்த்திருக்காங்க. அது பஞ்சைத் தகட்டோட இன்னும் இறுக்கித்தான் விடும். அடிக்கறப்ப ஃபேன் கண்டபடி சுத்தி பேரிங்கும் போகும். அடிச்சே ஆகணும்னா ஃபேனை விரல்ல புடிச்சுக்கிட்டு அடிங்க. ப்ராசஸர் மேல சூடு கடத்த வைச்சிருக்கற காய்ஞ்ச பேஸ்ட்டை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால்ல துடைச்சுட்டு, பச்சைப்பயறு அளவுக்குப் புதுசு வைச்சாப் போதும். ஹீட்சிங்க் ஸ்க்ரூ பக்கத்துல 1, 2, 3, 4ன்னு எண் இருக்கும், அந்த வரிசைல கொஞ்சங் கொஞ்சமா முடுக்கோணும். தெர்மல் பேட், அதாவது சூடு கடத்தற மெத்துத் துண்டு இருக்கற இடத்துல பேஸ்ட் வைக்காதீங்க, அங்க 1 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கும், பேஸ்ட் எட்டாது.

கோபி மண்டிக்கடை

பல்லடம் அண்ணா சொன்னது சூடாகி அணையற மெஷினுக்குச் சரிங்க. அணையாம, ஆனா எதைத் தொட்டாலும் அசையாம நிக்கற மெஷினுக்கு முதல்ல ஃபேனைக் கழட்டிப் பிரயோஜனம் இல்லை. டாஸ்க் மேனேஜர்ல சிபியு (ப்ராசஸர்) 10 சதவீதம், டிஸ்க் 100 சதவீதம்னு நின்னா வினை டிஸ்க்குலதான்.

மஞ்சள் மண்டிக் கணக்கு மொத்தமும் இருந்த ஒரு மெஷின் வந்துது. டிஸ்க் நிலைமையைக் காட்டற கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவைத் திறந்தா மஞ்சள் எச்சரிக்கை. சி5ங்கற வரி, அதாவது படிக்க முடியாம நிக்கற செக்டர்களோட எண்ணிக்கை, ஃபைல் காப்பி ஓட ஓடக் கண்ணு முன்னால ஏறுது. 8, 16, 40. உடனே காப்பியை நிறுத்தி, டிஸ்க்கைக் கழட்டி, லினக்ஸ்ல (விண்டோஸுக்குப் பதிலா ஓடற இலவச அமைப்பு) டிடிரெஸ்க்யூங்கற மீட்புக் கருவி போட்டு, டிஸ்க்கோட முழு நகல் (இமேஜ்) எடுத்த பின்னாடிதான் கணக்கு ஃபோல்டர் கைக்கு வந்துது. அந்த நிலைமைல விண்டோஸோட டிஸ்க் சரிபாக்கற செக்டிஸ்க்கை ஓட விடாதீங்க. சாகப் போற டிஸ்க் மேலயே அது திருப்பித் திருப்பி எழுதும், மிச்சம் இருக்கறதும் போயிரும். இன்னொண்ணு, கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோல எண்ணெல்லாம் ஹெக்ஸ்லதான் (16 அடிமான எண்முறை) முதல்ல காட்டும். டெசிமலுக்கு மாத்திட்டுப் படிங்க.

எஸ்எஸ்டி (உள்ள சுத்தற தட்டு இல்லாத, வேகமான டிஸ்க்) போடறவங்க கவனிக்க: பழைய டிஸ்க் 9.5 மில்லிமீட்டர் தடிமன், எஸ்எஸ்டி 7. ஓரத்துல இடைவெளியை நிரப்பற ஸ்பேசர் வைக்காம விட்டா கனெக்டர்ல ஆட்டம் இருக்கும், கொஞ்ச நாள்ல "டிஸ்க் காணோம்"னு வரும். பயாஸ்ல (ஆன் பண்ணதும் முதல்ல ஓடற மெஷின் அமைப்பு) டிஸ்க் பேசற முறையான சாட்டா மோடு ஐடிஇன்னு இருந்தா, விண்டோஸ் போடறதுக்கு முன்னாடியே ஏஹெச்சிஐக்கு மாத்தீருங்க. போட்டுட்டு மாத்தினா நீலத்திரைதான்.

காங்கேயம் ரோடு

எஸ்எஸ்டி போட்டா எல்லா மெஷினும் எந்திரிச்சுரும்னு நினைச்சுட்டு வர்றவங்களுக்காக இது. 2 ஜிபி ரேம், 32 ஜிபி ஸ்டோரேஜ் மாடல், பார்க்கறதுக்குப் புதுசாட்டவே இருக்குது, ஒரு கீறல் இல்லை. எஸ்எஸ்டியைக் கையோட வாங்கிட்டே வந்துட்டாங்க. மூடியைத் திறந்தா உள்ள முக்கால்வாசி பேட்டரி, ஓரத்துல உள்ளங்கை அளவுக்கு ஒரு போர்டு. டிஸ்க் கனெக்டரும் இல்லை, ரேம் ஸ்லாட்டும் இல்லை. ரேமும், இஎம்எம்சிங்கற ஸ்டோரேஜ் சிப்பும் போர்டுலயே சால்டர் பண்ணது. விண்டோஸ் பெரிய அப்டேட் எடுக்கக்கூட இடம் பத்தாது.

இந்த வகைல இன்டெல்லோட ஆட்டம் (Atom) சிப் வந்ததுகள்ல இன்னொரு வம்பு. ப்ராசஸர் 64 பிட், உள்ள இருக்கற யுஇஎஃப்ஐ (பயாஸுக்குப் பதிலா வந்தது) 32 பிட். சாதாரண 64 பிட் லினக்ஸ் பென்டிரைவைச் சொருகினா கண்டுக்கவே கண்டுக்காது. பூட்ஐஏ32ங்கற ஃபைல் உள்ள இருக்கற ஐஎஸ்ஓ (லினக்ஸ் ஏத்தற மொத்த ஃபைல்) வேணும். அதைப் போட்டு ஏத்தினாலும் ரெண்டு டேப் திறந்தா மூச்சு வாங்கும். பாட்டு கேக்க வைச்சுக்கலாம், காசு போடாதீங்க.

வாங்கறதுக்கு முன்னாடி மெஷின் விவரம் காட்டற சிபியு-இசட் மென்பொருள்ல, ரேம் ஸ்லாட் விவரம் வர்ற எஸ்பிடி பக்கத்தைப் பாருங்க. அங்க விவரம் வராட்டி ரேம் சால்டர் பண்ணதா இருக்கலாம். சந்தேகம் இருந்தா மூடியைத் திறந்து பார்த்துட்டு அப்பறம் கடைக்குப் போங்க.

நாமக்கல் பண்ணை

கோழிப்பண்ணைக் கொட்டாய்க்குப் பக்கத்துலயே வருசக்கணக்கா இருந்த மெஷினுங்க. செம்பு ஹீட்பைப் பூராவும் பச்சை புடிச்சிருக்குது. ஈரக்காத்தோட சேர்ந்தா அமோனியா செம்பை அரிச்சுரும். கீபோர்டு கேபிள் சாக்கெட்டுல இருந்த பின் ஊசிங்க தொட்டதும் உதுந்துருச்சு. டிஸ்க்கை மட்டும் கழட்டிக்கிட்டு மிச்சத்தை விட்டாச்சு. இந்த மாதிரி இடத்துல ஓடினதுக்கு எஸ்எஸ்டி, ரேம்னு எதுவும் வாங்கறதுக்கு முன்னாடி போர்டைப் பார்க்காம விடாதீங்க.

ஈரோடு மடிக்கணினி

எல்லாரும் மெஷினைத் திறக்கறதைப் பத்தியே சொல்றீங்க. திறக்கறதுக்கு முன்னாடி கேக்க வேண்டிய கேள்வி ஒண்ணுதானுங்க: அதுல என்ன வேலை ஓடோணும்?

டேலி, டிஜிட்டல் சிக்னேச்சர் டோக்கன்னு சொன்னா விண்டோஸ் வேணும். விண்டோஸ் 10க்கு ஆதரவு 2025 அக்டோபர் 14ஓட முடிஞ்சுது. வீட்டு மெஷினுக்கு நீட்டிச்ச பாதுகாப்பு அப்டேட்ல பதிஞ்சா 2026 அக்டோபர் 13 வரைக்கும் வரும். விண்டோஸ் 11 முறைப்படி ஏறணும்னா இன்டெல்ல எட்டாவது தலைமுறையாவது இருக்கோணும், டிபிஎம் 2.0ங்கற பாதுகாப்பு வசதியும் வேணும். அதுக்குக் கீழ இருக்கறதுலயும் சுத்து வழில ஏத்தித் தர்றாங்க, ஓடவும் ஓடுது. ஆனா பெரிய அப்டேட் ஒவ்வொண்ணுக்கும் மறுபடி அதே வேலை. விண்டோஸ் 11ஓட 24ஹெச்2 பதிப்பு வந்ததுக்கு அப்பறம் கோர் 2 டியோ மெஷின் பூட்டே ஆகாது, அந்தப் பதிப்பு கேக்கற பாப்கவுன்ட் கட்டளை அந்த ப்ராசஸர்ல இல்லவே இல்லை. கம்பெனிக் கணக்கு ஓடற மெஷினை இப்படிச் சுத்து வழில நிறுத்தறது எனக்குச் சரியாப் படலை.

பிரவுசர், டைப் பண்றது, பசங்க பாடம் இதுக்கு மட்டும்னா 2011ல வந்த ரெண்டாவது தலைமுறை ஐ3, ஐ5 கூட லினக்ஸ் மின்ட்டோட லேசான எக்ஸ்எஃப்சிஇ பதிப்புல நல்லாவே ஓடும். 8 ஜிபி ரேம், 240 ஜிபி எஸ்எஸ்டி போதும். யூடியூப் மட்டும் திக்கித் திக்கி வரும், ஃபேன் கத்தும். யூடியூப் அனுப்பறது விபி9, ஏவி1ங்கற வீடியோ வடிவம். அதைப் பிரிக்கற சில்லு இன்டெல்ல ஏழாவது தலைமுறைல இருந்துதான் விபி9க்கே முழுசா வந்துது. அதுக்கு முன்னாடி இருக்கறதுல அந்தப் பாரத்துல பெரும்பகுதியை ப்ராசஸர்தான் சுமக்கோணும். ஹெச்264இஃபைங்கற எக்ஸ்டென்ஷனைப் போட்டா ஹெச்264ங்கற பழைய வடிவத்துல வாங்கிக்கும், லினக்ஸ்ல பிரவுசரோட ஹார்டுவேர் டீகோடும் (வீடியோவைச் சில்லுலயே பிரிக்கறது) ஆன்ல இருந்தா வித்தியாசம் அப்பவே தெரியும்.

விண்டோஸ் 7லயே இருந்துக்கறேன்னு சொல்றவங்களுக்கு: 2023 ஜனவரில வந்த 109தான் அதுல ஓடின கடைசி குரோம். பேங்க் வேலை அதுல வேண்டாங்க.

செலவுக் கணக்குக்கு என் அளவுகோல் இது. ரேம், எஸ்எஸ்டி, பேட்டரி, கூலி எல்லாம் கூட்டிப் பாருங்க. எட்டாவது தலைமுறை செகண்ட்ஹேண்ட் ஆபீஸ் லேப்டாப் கோயமுத்தூர்ல என்ன விலைக்குக் கிடைக்குதோ, அதுல மூணுல ஒரு பங்கைத் தாண்டினா நிறுத்தீருங்க. ரேம் விலை ஏறி இறங்கிட்டே இருக்குது, அன்னன்னைக்குக் கேட்டுட்டுக் கணக்குப் போடுங்க. திரை மூடியைத் தாங்கற ஹிஞ்ச் (கீல்) புடுங்கி, ஸ்க்ரூ பதியற பித்தளைக் குமிழ் பிளாஸ்டிக்கோட பேந்து வந்திருந்தா கூட்டவே வேண்டாம். பசை வைச்சு ஒட்டினா மூடியை நாலு தரம் திறக்கறதுக்குள்ள டிஸ்ப்ளே கேபிளையும் இழுத்துட்டுப் போயிரும்.

கோபி மண்டிக்கடை

ஈரோடு அண்ணா, மூணுல ஒரு பங்குங்கறதை எல்லாத்துக்கும் வைக்காதீங்க. எஸ்எஸ்டி வீணாப் போறதில்லை. மெஷின் செத்தாலும் கழட்டி யுஎஸ்பி கேஸ்ல போட்டுக்கலாம், அடுத்த மெஷின்லயும் போட்டுக்கலாம். பழைய டிடிஆர்3 ரேமும் பேட்டரியும்தான் திரும்பாத காசு. அதை மட்டும் கூட்டுங்க.

தாராபுரம்

ரேம்னு சொன்னதும் ஞாபகம் வருதுங்க. 2011ல ஆரம்பிச்ச அரசு விலையில்லா லேப்டாப் இங்க ஊட்டுக்கு ஊடு பெட்டில கிடக்குது. வெளிய எல்லாம் ஒரே மாதிரி தெரிஞ்சாலும் வருசத்துக்கு வருசம் கம்பெனி வேற, உள்ளுக்க இருக்கறதும் வேற. ஒரு புள்ள காலேஜுக்கு வேணும்னு அப்படி ஒண்ணுல 4 ஜிபி சேர்த்திருக்காங்க, லைட் எரியுது, திரை கறுப்பு. கழட்டிப் பார்த்தா ஸ்டிக்கர்ல பிசி3-12800. அந்த மெஷினுக்கு வேண்டியது பிசி3எல்-12800. முன்னது 1.5 வோல்ட், பின்னது 1.35. ஸ்லாட்டுல ரெண்டும் ஒரே மாதிரி உக்காரும். நாலாவது தலைமுறை மொபைல் ப்ராசஸர் 'எல்' இல்லாததை ஏத்துக்காது. 'எல்' இருக்கறதை வாங்கினா பழசுலயும் பெரும்பாலும் ஓடும், அதனால கடைல அதையே கேளுங்க. மாத்தினதும் திரை வந்துருச்சு.

சோமனூர்

பேட்டரியைப் பத்தி யாருமே எழுதலை. டச்பேட் கிளிக் ஆகலைன்னு வந்த மெஷின், டச்பேடை மாத்தித் தரச் சொன்னாங்க. மேசை மேல வைச்சா நாலு காலும் படியலை, ஆடுது. உள்ள பேட்டரி உப்பி டச்பேடை அடியில இருந்து முட்டிட்டிருந்துது. பேட்டரியைக் கழட்டினதும் கிளிக் தன்னால வந்துருச்சு.

உப்பினதைக் கத்தியோ ஸ்க்ரூடிரைவரோ வைச்சு நெம்பாதீங்க, குத்துனா தீப்பத்தும். சார்ஜரைப் புடுங்கி, கனெக்டரைக் கழட்டி, ஒட்டு இருந்தா நூலைக் குறுக்க விட்டு மெதுவா அறுத்து எடுங்க. சார்ஜர்லயே ஓட்டிக்கலாம்னு நினைக்கறவங்க ஒண்ணு தெரிஞ்சுக்கோங்க: பேட்டரி இல்லைன்னா சில மாடல் ப்ராசஸர் வேகத்தை அரைவாசிக்கும் கீழ இறக்கிரும். எஸ்எஸ்டி போட்டும் மெதுவா இருக்குதுன்னு வர்றதுல இதுவும் ஒரு வகை. வேலை ஓடறப்பவும் சிபியு-இசட்ல கோர் ஸ்பீடு (ப்ராசஸர் வேகம்) 800 மெகாஹெர்ட்ஸ்லயே நின்னா சந்தேகம் அங்கதான். சார்ஜர் வாட்ஸும் பாருங்க, 65 வாட்ஸ் கேக்கற மெஷினுக்கு 45 சொருகினாலும் இதே கதைதான்.