குறைந்த செலவில் சத்தான சாப்பாடு: வழி சொல்லுங்களேன்
எல்லாருக்கும் வணக்கம். வீட்டில் ஐந்து பேர், சம்பாதிப்பது ஒருவர். மாதக் கடைசி வந்தாலே காய்கறி குறைந்து தட்டில் மாவுச்சத்துதான் நிறைகிறது. சின்னவளுக்கு ரத்தசோகை என்று டாக்டர் சொன்னதிலிருந்து மனசே சரியில்லை.

இப்போது தானியத்தோடு பருப்பு, பயறு கட்டாயம் சேர்க்கிறேன். இரண்டும் சேர்ந்தால்தான் புரதம் நிறைவாகும். கீரையின் இரும்புச்சத்து உடம்பில் ஒட்ட வைட்டமின் சி வேண்டும் என்பதால் எலுமிச்சை பிழிகிறேன். சாப்பாட்டோடு டீ குடிப்பதையும் நிறுத்திவிட்டோம், அது இரும்புச்சத்தைச் சேரவிடாது.

காய்தான் பெரிய கவலை. மொத்தமாக வாங்கினால் பாதி வாடிவிடுகிறது, அன்றாடம் வாங்கினால் கையைக் கடிக்கிறது. நீங்கள் வாரத்துக்கு எப்படித் திட்டமிடுகிறீர்கள்? எதை முதலில் சமைத்துத் தீர்க்கிறீர்கள்? முளைகட்டிய பயறு என்றாலே முகம் சுளிக்கும் பிள்ளைகளுக்கு அதை எப்படிக் கொடுப்பது? செய்து பார்த்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.