பிளேலிஸ்ட்டுக்குத் தமிழ்ல என்ன போடலாம்? திங்கக்கிழமை பிரிண்ட்

எல்லாருக்கும் வணக்கம். எங்க ஊர் தையல் வகுப்புக்கு ஒரு கையேடு எழுதிட்டிருக்கேன், திங்கக்கிழமை காலைல பிரிண்டுக்குக் குடுக்கணும். வர்ற அக்காங்க எல்லாரும் யூடியூப்ல பிளவுஸ் வீடியோ எது கண்ணுல பட்டாலும் வாட்ச் லேட்டர்ல போட்டு வச்சிடுறாங்க, ஒருத்தங்க போன்ல எண்ணிப் பாத்தேன், நூத்துக்கு மேல இருக்கு, கட்டிங்குக்குக் கீழ மீன் குழம்பு, அதுக்குக் கீழ மறுபடி கட்டிங். பிளவுஸ் கை வைக்கிற வீடியோ எங்கன்னு தேடுறதுக்குள்ள மிஷின் முன்னாடி உக்காந்த நேரம் போயிடுது. அதனால டாட் பிடிக்கிறது, ஹூக் பட்டி, ஷோல்டர், கழுத்து, கை, சைடுன்னு தைக்கிற முறைப்படியே பிளேலிஸ்ட் பிரிச்சு வைக்கச் சொல்லித் தர்றேன். தலைப்புல பிளேலிஸ்ட்னு போட மனசு வரல. காணொளிப்பட்டின்னு எழுதிக் காட்டினா, "இது எந்த எடத்துல வைக்கிற பட்டி தம்பி"ன்னு கேக்குறாங்க. வேற சொல் குடுங்க.

——

தம்பி, முதல்ல அது காணொலி. காண் + ஒலி. பாக்கவும் கேக்கவும் உள்ளது. ஒளின்னு போட்டா சத்தம் எங்க போச்சு?

சொல்லுக்கு வர்றேன், 'நிரை' போடுங்க, வரிசைன்னு அர்த்தம். அகநானூற்றுல முதல் 120 பாட்டு களிற்றியானை நிரை, அடுத்த 180 மணிமிடை பவளம், கடைசி 100 நித்திலக்கோவை. உள்ள அடுக்கியிருக்கிற முறையைப் பாருங்க, ஒற்றைப்படை எண் எல்லாம் பாலை, 2லயும் 8லயும் முடிஞ்சா குறிஞ்சி, 4 முல்லை, 6 மருதம், 10, 20ன்னு வந்தா நெய்தல். எண்ணைச் சொன்னா திணை தெரிஞ்சிடும். நீங்க கழுத்து வேற கை வேறன்னு பிரிச்சு வைக்கிறதும் இந்த வேலைதான். ஆநிரை, நிரையசை, நிரல், எவ்வளவு சொந்தம் இருக்கு இந்தச் சொல்லுக்கு.

——

ஐயா, நிரலை ப்ரோக்ராமுக்குக் குடுத்தாச்சு, நிரைன்னு போட்டா பாதிப் பேர் 'நிறை'யத்தான் தப்பா அடிச்சிட்டாங்கன்னு நெனைப்பாங்க. கோவைன்னா பஸ் போர்டுதான் ஞாபகம் வரும். ஆப்பைத் தமிழ்ல வச்சாலும் பிளேலிஸ்ட்னுதான் வருது, கையேட்டுல ஒண்ணு ஸ்கிரீன்ல ஒண்ணுன்னா எதைத் தொடணும்னு திணறுறது அந்த அக்காங்கதான். தூய்மைக்கு நான் எதிரி இல்ல, ஆனா கத்துக்க வந்தவங்க கஷ்டம்தான் முதல்ல.

——

அந்தாதி? ஒரு பாட்டோட கடைசிச் சொல்லுல அடுத்த பாட்டு தொடங்குற மாதிரி, ஷோல்டர் முடிஞ்ச எடத்துல கழுத்து தொடங்குது.

——

அந்தாதியை இடம் மாத்தி வச்சா அந்தாதியே இல்லைங்க. பிளேலிஸ்ட்ல எதை வேணா மேல கீழ இழுக்கலாம். சரிப்படாது.

——

நேத்து வகுப்புல நிரை, கோவை, அந்தாதி, கூடவே 'பாட வரிசை'ன்னு நாலு சொல்லையும் படிச்சுக் காட்டினேன். நிரைக்கு யாரும் பேசல. 'பாட வரிசை'ன்னதும், பின்னாடி காஜா எடுத்துட்டிருந்த அக்கா தலையக்கூட நிமித்தாம "எது மொதல்ல எது அடுத்ததுன்னு சொல்றதா"ன்னாங்க. விளக்கமே சொல்லல நான். அங்கயே அவங்க போன்ல கழுத்து வீடியோ ஆறு இருந்ததுல ரெண்ட மட்டும் வச்சுக்கிட்டு, அளவு எடுக்கிறத மேல இழுத்து விட்டோம். பாட வரிசைன்னே போடுறேன், முதல் பக்கத்துல மட்டும் ஆப்ல இதுக்குப் பேரு பிளேலிஸ்ட்னு ஒரு வரி.

——

கையேட்டுக்குப் போகட்டும். ஆனா பாட்டு சேத்து வைக்கிறதுக்கும் இதே சொல்னு முடிவு பண்ணிடாதீங்க. புறநானூறு 121ல கபிலர் "வரிசை அறிதலோ அரிதே"ங்கிறார், அங்க வரிசைன்னா அவங்கவங்க தகுதி. சீர்வரிசைலயும் அந்த வாசம் இருக்கு. பொதுச் சொல்லுக்கு நான் நிரையிலதான் நிக்கிறேன். காணொளில இருக்கிற ளகரத்தைப் பிரிண்டுக்கு முன்ன லகரமாத் திருத்திடுங்க தம்பி.