திறக்காத கோப்புகளும் காணாமல் போன ரைட் கிளிக் மெனுவும்: உங்கள் அனுபவங்கள்

கணினிப்பட்டறை
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரின் மடிக்கணினியில் டெஸ்க்டாப் ஷார்ட்கட்கள் அத்தனையும் நோட்பேட் ஐகானாக மாறியிருந்தன. விண்டோஸ் 7 காலத்து நிகழ்வு. எதைச் சொடுக்கினாலும் நோட்பேட்தான் திறந்தது. உள்ளே முதலில் ‘எல்’ என்ற ஆங்கில எழுத்து, அதன்பின் கட்டங்களும் புரியாத குறிகளும். “பேரன் படங்களெல்லாம் இப்படி ஆகிவிட்டனவா, தம்பி?” என்று அவர் கேட்டது இன்னும் என் காதில் இருக்கிறது. ஃபார்மட் செய்வதைத் தவிர வேறு வழியில்லை என்று ஒரு கடையில் அவரிடம் ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள். உண்மையில் கோப்பு ஒன்றுகூடக் கெடவில்லை. வீட்டில் யாரோ ஒரு ஷார்ட்கட்டை ‘ஓப்பன் வித்’ வழியாக நோட்பேடில் திறந்திருக்கிறார்கள். அந்த ஒரு தேர்வு, ஷார்ட்கட் கோப்புகளின் பெயருக்குப் பின்னால் வரும் எல்என்கே (.lnk) எக்ஸ்டென்ஷன் முழுவதற்கும் பதிவாகிவிட்டது. விண்டோஸ் விசையுடன் ஆர் அழுத்தி, விண்டோஸின் அமைப்புகள் பதிவாகியிருக்கும் ரெஜிஸ்ட்ரியைத் திருத்த உதவும் ரெஜிஎடிட்டைத் திறந்தேன். கரண்ட் யூசர் பகுதியில், எக்ஸ்ப்ளோரருக்குக் கீழே உள்ள ஃபைல்எக்ஸ்ட்ஸில், எல்என்கேக்குள் இருந்த, பயனரின் தேர்வைக் குறித்து வைக்கும் ‘யூசர்சாய்ஸ்’ என்பதை மட்டும் நீக்கி, லாக் ஆஃப் செய்து மீண்டும் உள்ளே நுழைந்ததும் ஐகான்கள் சரியாகிவிட்டன. இதற்காக ஒருவருடைய ஹார்ட் டிஸ்க்கையே அழிக்கச் சொன்னார்கள் என்பதை என்னால் இன்றும் பொறுக்க முடியவில்லை.

பழைய எக்ஸ்பி
ஷார்ட்கட் போனால்கூடச் சமாளிக்கலாம். நிரல்களுக்குரிய இஎக்ஸ்இ (.exe) எக்ஸ்டென்ஷனின் பதிவு கெட்டுப்போனால் ரெஜிஎடிட்டே திறக்காது. நான் வேலை பார்த்த பிரவுசிங் சென்டரில் ஆன்டிவைரஸ் ‘வைரஸ் நீக்கப்பட்டது’ என்று அறிவித்த மறுநிமிடமே, எந்த நிரலைச் சொடுக்கினாலும் ‘இதை எதில் திறப்பது?’ என்ற கேள்விப் பெட்டி வந்து நின்றது. 2001இல் பரவிய சர்கேம் என்ற கணினிப் புழு செய்ததைப் போலவே, எல்லா இஎக்ஸ்இ கோப்புகளும் தன் வழியாகவே திறக்கும்படி அந்த வைரஸ் மாற்றி வைத்திருந்தது. ஆன்டிவைரஸ் வைரஸ் கோப்பை அழித்ததே தவிர, அதற்கு வழிகாட்டிய ரெஜிஸ்ட்ரி வரியைத் திருத்தவில்லை. ரெஜிஎடிட்டைப் பிரதி எடுத்து, அந்தப் பிரதியின் இஎக்ஸ்இ என்ற பின்னொட்டை ‘காம்’ (.com) என்று மாற்றியதும் அது திறந்தது. ‘இஎக்ஸ்இஃபைல்’ பகுதியின் ஓப்பன் கமாண்டில் "%1" %* என்று பழையபடி எழுதி முடித்தபோது, வாசலில் காத்திருந்த வாடிக்கையாளர்கள் உள்ளே வந்து அமர்ந்தார்கள்.

கோப்புக்கட்டு
எங்கள் அலுவலகத்தில் எதுவும் கெடாமலேயே ஒரு மெனு காணாமல் போனது. கூட்டத்துக்கு முன் ஒரு ஃபோல்டரில் இருந்த பிடிஎஃப்களை எல்லாம் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து ரைட் கிளிக் செய்தால் ‘பிரிண்ட்’ இல்லை, ‘ஓப்பன்’ இல்லை. மேலாளர் பின்னால் நின்றுகொண்டு, “நேற்றுவரை இருந்ததே, அம்மா!” என்றார். தேர்வில் ஒரு கோப்பைக் குறைத்ததும் இரண்டும் திரும்ப வந்தன. 15 கோப்புகளுக்கு மேல் தேர்ந்தெடுத்தால் விண்டோஸ் அவற்றைத் தானாகவே மறைத்துவிடும் என்பது எங்கள் பிரிவில் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை.

நிதானம்
ஜிப் கோப்புகளில் ‘எக்ஸ்ட்ராக்ட்’ காணாமல் போன ஒரு கணினியை நானும் சரிசெய்திருக்கிறேன். ஆனால் கணினிப்பட்டறை எழுதியதைப் படித்தவுடன் ரெஜிஸ்ட்ரியில் கை வைப்பது நல்லதல்ல என்பதை முதலில் சொல்ல விரும்புகிறேன். எந்தப் பகுதியைத் தொடுகிறீர்களோ அதை முன்கூட்டியே எக்ஸ்போர்ட் செய்து வைத்துக்கொள்ள வேண்டும். விண்டோஸ் 8 முதல் யூசர்சாய்ஸுடன் ஒரு ஹாஷ் மதிப்பும் (அந்தத் தேர்வைச் சரிபார்க்க விண்டோஸ் கணக்கிடும் குறியீடு) சேர்த்து எழுதப்படுகிறது. ஆகவே நிரலின் பெயரை நீங்களே அங்கே தட்டச்சு செய்தால் ஹாஷ் பொருந்தாது, விண்டோஸ் அதை ஏற்காது. செட்டிங்ஸில் உள்ள டிஃபால்ட் ஆப்ஸ் வழியாக மாற்றுவதே முறையானது. அதற்கும் முன்பாகப் புதிய யூசர் கணக்கு ஒன்றைத் தொடங்கிப் பாருங்கள்: அங்கே எல்லாம் சரியாக இருந்தால், கோளாறு பெரும்பாலும் உங்கள் கணக்குக்குரிய பதிவுகளில்தான் இருக்கும். ரைட் கிளிக் செய்ததும் எக்ஸ்ப்ளோரர் உறைந்துவிட்டால், ஷெல்எக்ஸ்வியூ என்ற இலவசக் கருவியைக் கொண்டு பிற நிறுவனங்கள் சேர்த்த மெனு நீட்சிகளை முடக்கிவிட்டு, ஒவ்வொன்றாகத் திரும்ப இயக்கிக் காரணத்தைக் கண்டுபிடிக்கலாம். விண்டோஸ் 11 வைத்திருப்பவர்கள் ‘மெனு காணவில்லை’ என்று பதறும் முன் ஷிஃப்ட் விசையுடன் எஃப்10 அழுத்திப் பார்க்கட்டும். பழைய மெனு முழுவதும் அங்கே இருக்கிறது.

கணினிப்பட்டறை
நிதானம் அவர்களே, எக்ஸ்போர்ட் செய்வதைப் பற்றி எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. நான் எழுதியது நீக்குவதைப் பற்றி மட்டுமே. எதையும் கையால் எழுதச் சொல்லவில்லை. புதிய கணக்கு சோதனைக்காக மட்டும் என்றால் சரி. ஆனால் பல இடங்களில் அதையே தீர்வு என்று விட்டுவிடுகிறார்கள்; பழைய கணக்கின் டெஸ்க்டாப்பில் இருந்த கோப்புகள் புதியதில் தெரியாமல், எல்லாம் அழிந்துவிட்டதென்று வயதானவர்கள் நம்பிவிடுகிறார்கள்.

வெண்பலகை
எனக்கு நேர்ந்தது ‘நியூ’ மெனுவில். ஒரு குறிப்பு எழுதும் செயலியை நீக்கிய பிறகு, அதில் ‘டெக்ஸ்ட் டாக்குமென்ட்’ மட்டும் இல்லை. ரெஜிஸ்ட்ரியில் டெக்ஸ்ட் கோப்புகளுக்குரிய டிஎக்ஸ்டி (.txt) பகுதியில் டிஃபால்ட் மதிப்பு, நீக்கப்பட்ட அந்தச் செயலியின் பெயரிலேயே நின்றிருந்தது. அதை ‘டிஎக்ஸ்டிஃபைல்’ என்று மாற்றினேன். உள்ளே, ‘நியூ’ மெனுவில் ஒரு வரியைச் சேர்க்கும் ஷெல்நியூவும், அதில் வெற்றுக் கோப்பை உருவாக்கச் சொல்லும் நல்ஃபைலும் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொண்டு எக்ஸ்ப்ளோரரை மறுதொடக்கம் செய்தவுடன் அந்த வரி மெனுவில் வந்துவிட்டது.