மறு: ‘கான்ஸ்டிட்யூஷனல் மொராலிட்டி’ – தமிழில் என்ன?

மொழிபெயர்ப்பாளர், சென்னை:
நண்பர்களே, வணக்கம். நவம்பர் 26 அரசியலமைப்பு நாளுக்காக, 1948 நவம்பர் 4 அன்று அரசமைப்பு வரைவை அரசமைப்பு நிர்ணய அவையில் முன்வைத்து அம்பேத்கர் ஆற்றிய உரையைத் தமிழாக்குகிறேன். மேற்கண்ட சொல்லில் வேலை நின்றுவிட்டது. ‘அரசமைப்பு ஒழுக்கம்’ என்றால் சட்டத்துக்கு அடங்கி நட என்பதுபோல் ஒலிக்கிறது. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும்.

தமிழாசிரியர், மதுரை:
ஒழுக்கத்தை ஏன் விட வேண்டும்? ஒழுகு என்பது வேர். நீர் இடையறாது ஓடுவதுபோல நடத்தை பழகிப்போவது ஒழுக்கம். வள்ளுவர் நல்லொழுக்கம், தீயொழுக்கம் என்று அடை சேர்த்துச் சொல்கிறாரே, அது பொதுச்சொல் என்பதால்தானே? ஐந்திணை ஒழுக்கமும் அப்படித்தான். இந்த உணர்வு இயல்பாக வருவதில்லை, வளர்த்தெடுக்க வேண்டும் என்கிறார் அம்பேத்கர். பழக்கத்தால் வருவதற்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடையாது.

வழக்கறிஞர், கோவை:
ஐயா, வேர் சரி. இன்று தெருவில் அந்தச் சொல்லை வைத்துப் பெண்களைத்தான் வசைபாடுகிறார்கள். 2018-இல், தற்பாலின உறவைக் குற்றமாக்கிய 377ஆம் பிரிவு வழக்கில், உச்ச நீதிமன்றம் சமூகத்தின் ஒழுக்கப் பார்வைக்கு மேலாக ‘கான்ஸ்டிட்யூஷனல் மொராலிட்டி’யை நிறுத்தியது. ஆகவே ‘அரசமைப்பு அறம்’.

யாழ்ப்பாணத்து வாசகர்:
அறம் என்றால் அவரவர் மனச்சாட்சியோடு நின்றுவிடும். எங்கள் பக்கம் ‘அரசியல் யாப்பு’ என்றும் எழுதுவோம். யாத்தல் என்றால் கட்டுதல்; ஆள்பவரையும் சேர்த்துக் கட்டுவது. ‘யாப்பு நெறி’ என்று வைத்தால் என்ன?

மதுரை:
இங்குள்ள பிள்ளைகள் வெண்பாப் பாடம் என்று நினைத்துக்கொள்வார்கள்.

ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர், தஞ்சை:
உத்திரமேரூர்க் கல்வெட்டை மறக்கலாமா? வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் பெயரைக் குடவோலைக்கு எழுதவே கூடாது. அவர் உறவினருக்கும் அதே தடை. பத்தாம் நூற்றாண்டு! நம்மிடம் இல்லாததா?

சென்னை:
ஐயா, அது பிரமதேயச் சபை, அதாவது பிராமணர்க்குக் கொடையளித்த ஊரின் சபை. நிலமும் வேதக் கல்வியும் உள்ளவர்க்கே இடம். குடிகள் எல்லாருக்கும் உரிய இறையாண்மை அங்கே இல்லை. தனி இழையில் பேசுவோம்.

அம்பேத்கர் இந்தச் சொல்லைக் கிரேக்க வரலாறு எழுதிய ஆங்கிலேயர் ஜார்ஜ் குரோட்டிடமிருந்து எடுக்கிறார். ஏதென்சில் மக்களாட்சிச் சீர்திருத்தம் செய்த கிளைஸ்தனீஸைப் பற்றி எழுதும்போது குரோட் சொன்னது: அரசமைப்பின் வடிவங்களை மதிப்பது, அவற்றின்படி நடக்கும் அதிகாரத்துக்குக் கீழ்ப்படிவது, அதே அதிகாரத்தில் இருப்பவர்களை வெளிப்படையாகக் கண்டிப்பது, எதிரணிக்காரரும் அந்த வடிவங்களை நம்மைப்போலவே போற்றுவார் என்று நம்புவது. கண்டிப்பதும் எதிரியை நம்புவதும்தான் இதன் உயிர். இவை வேரூன்றாத நாட்டில் ஒரு வரி திருத்தாமலே, நிர்வாக முறையை மாற்றி அரசமைப்பைக் கெடுத்துவிடலாம் என்று அம்பேத்கர் அஞ்சினார். நிர்வாக விவரங்களை வரைவிலேயே எழுதிவைத்ததற்கு அவர் சொன்ன காரணம் அதுதான். ஒழுக்கத்தில் எனக்குக் கீழ்ப்படிதல் மட்டுமே கேட்கிறது. நெறி என்றால் ஆள்பவரும் கண்டிப்பவரும் சேர்ந்து நடக்கும் வழி. ‘அரசமைப்பு நெறி’ சரிவருமா?

கோவை:
அறத்தை விட மனமில்லை. ஆனாலும் நெறிக்கு மறுப்பில்லை.

யாழ்ப்பாணம்:
யாப்பு போனாலும் நெறி தங்கியதே. சம்மதம்.

தஞ்சை:
சரி.

மதுரை:
எனக்குச் சம்மதமில்லை. 377 தீர்ப்பில் சமூகத்தின் பக்கமும் அரசமைப்பின் பக்கமும் ‘மொராலிட்டி’ என்ற ஒரே சொல்தான். ஒன்றுக்கு ஒழுக்கம், இன்னொன்றுக்கு நெறி என்றால் இரண்டும் மோதுவது வாசகருக்கு எப்படித் தெரியும்? வசையாகிப்போன சொல்லை வசைபாடுபவரிடமே விட்டுவிடுவதும் முறையல்ல. என் வகுப்பில் ஒழுக்கம்தான்.

சென்னை:
ஐயா, உங்கள் மறுப்பை அடிக்குறிப்பில் சேர்க்கிறேன். வெளியீட்டில் ‘அரசமைப்பு நெறி’ போகிறது. அடுத்து ‘ரூல் ஆஃப் லா’ காத்திருக்கிறது. ‘சட்டத்தின் ஆட்சி’ என்றே விடலாமா?